வெள்ளம் வடிந்த வீட்டிற்கு நோயாளி திரும்பும் முன்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுவது நம் கடலோர மாவட்டங்களுக்குப் புதிதன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைகடந்து சென்னையின் தெருக்களை நிறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதம் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நீர் வடிந்ததும் வீட்டைக் கழுவி அன்றே குடிபுகுந்துவிட வேண்டும் என்று எவரும் விரும்புவது இயல்பே. ஆனால் அவ்வீட்டில் சர்க்கரை நோயாளியோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ, படுக்கையிலேயே காலம் கழிக்கும் முதியவரோ இருப்பாராயின் வேலைகளின் வரிசை மாறுகிறது. உடல்நலமுள்ள ஒருவர் முதலில் நுழைய வேண்டும். நோயாளி எல்லோருக்கும் பின்னரே நுழைய வேண்டும். இடையில் செய்ய வேண்டியவற்றைக் கீழே விளக்குகிறோம்.

கதவைத் திறக்கும்போது

முதல் ஆபத்து மின்சாரம். தரையில் நீர் நிற்கும்போது மெயின் ஸ்விட்சைத் தொடக் கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று அதை எட்ட முடியாவிட்டால், தெருவிலுள்ள இணைப்பை நிறுத்துமாறு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு (94987 94987) அழைக்கலாம். பலரும் மறந்துவிடுவது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்த பின்னரும் இன்வெர்ட்டர் வீட்டுக் கம்பிகளுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும். நோயாளியின் ஆக்சிஜன் கருவிக்காகவே அதை வாங்கி வைத்த வீடுகள் உண்டு. ஆகவே அதையும் தனியே அணைக்க வேண்டும். நனைந்த ஸ்விட்சுப் பெட்டிகளை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை எதையும் இயக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ, வராந்தாவிலோ, சன்னலருகிலோ ஓட்டுவது உயிரைப் பறிக்கும்: அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை, உறங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடுவார்.

சமையல் எரிவாயுவின் மணம் வந்தால் தீக்குச்சி கிழிக்காமல், ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 1906 என்ற எண்ணை அழையுங்கள். நீரில் மூழ்கிய ரெகுலேட்டரையும் குழாயையும் எரிவாயு முகவர் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அலமாரியின் அடித்தட்டு, சுருட்டிய பாய், செருப்பு அடுக்கு ஆகிய இடங்களில் பாம்பு ஒதுங்கியிருக்கலாம். கையை விடுவதற்கு முன் ஒரு கழியால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறி இரத்தம் எடுப்பதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள்.

எதையும் வெளியே எறிவதற்கு முன், நீர் ஏறிய சுவர்க்கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிவாரணத்திற்கும் காப்பீட்டிற்கும் அதுவே சான்று. நனைந்த மருத்துவக் கோப்பின் தாள்களைப் பிரித்திழுக்காமல், இடையிடையே வெற்றுத்தாள் செருகி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் படிக்கும் நிலையில் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் நோயாளியின் பதிவு எண்ணையோ பெயரையும் தேதியையுமோ கூறி டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலைக் கேட்கலாம்.

மருந்துப் பெட்டி

வெள்ளநீர் என்பது மழைநீர் அன்று. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, எலி வளை, பணிமனை எண்ணெய் அனைத்தும் அதில் கலந்திருக்கும். எனவே அந்நீர் பட்ட சிரப், சொட்டுமருந்து, களிம்பு, திறந்த மாத்திரை டப்பா யாவற்றையும் கழித்துவிட வேண்டும். அட்டை மாத்திரைகளும் நீரில் கிடந்திருந்தால் அவ்வாறே. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வலிப்பு, இதயநோய், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றுக்கான மருந்துகளை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. அத்தகைய மருந்தின் வெளியுறை மட்டும் நனைந்து உள்ளே மாத்திரை முற்றிலும் உலர்ந்திருந்தால், புதியது கைக்கு வரும்வரை அதைப் பயன்படுத்துவது மருந்தே இல்லாமல் இருப்பதைவிட மேலானது. நிறம் மாறியதையும் பொடிந்ததையும் தொட வேண்டாம்.

இன்சுலின் பற்றி நிறைய அச்சம் நிலவுகிறது. குளிர்பெட்டி இரண்டு நாள் ஓடவில்லை என்பதற்காக நல்ல மருந்தைக் குப்பையில் போடுகிறார்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகளை 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாள் வரை பயன்படுத்தலாம். சரியான கால அளவு மருந்தோடு வரும் தாளில் இருக்கும். மின்சாரம் நின்ற தேதியைக் குப்பியின் மேல் எழுதிவையுங்கள். நீர் தெளித்த மணல் நிரப்பிய மண்பானையின் நடுவே சிறு பானை ஒன்றை வைத்து, மூடிய டப்பாவில் இன்சுலினை அதற்குள் வைத்தால் வெப்பம் குறையும். பனிக்கட்டியின் மேல் நேராக வைப்பதுதான் தவறு: ஒருமுறை உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. வெள்ளநீரில் மூழ்கிய குப்பியையும் பேனாவையும் எவ்வளவு துடைத்தாலும் பயன்படுத்தக் கூடாது.

நீரில் மூழ்கிய ஆக்சிஜன் கருவியையும் நெபுலைசரையும் உலர்த்தி இயக்கிப் பார்க்க வேண்டாம். விற்றவரோ பழுதுநீக்குபவரோ பார்க்கட்டும். குழாயும் முகமூடியும் புதியவையாக இருக்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறை தவறும் நிலை வந்தாலே தம் பிரிவிற்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்; அருகிலுள்ள வேறு மையத்தில் இடம் கேட்டுத் தர முடியும். அதுவரை நீரின் அளவையும் உப்பையும் வழக்கத்தினும் குறைக்க வேண்டும். அன்போடு கொண்டுவரப்படும் நிவாரணப் பொட்டலங்கள் இங்கே இடர் தரும். ஊறுகாயிலும் புளிசாதத்திலும் உப்பு மிகுதி. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. மற்றவர்க்கு நலம் தரும் இளநீர், டயாலிசிஸ் தவறிய ஒருவரின் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். மூச்சுத்திணறலோ தசைத்தளர்ச்சியோ தோன்றினால் முறைநாளுக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

தண்ணீரும் தரையும்

குடிநீர் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு முழு நிமிடமாவது கொதிக்க வேண்டும். குளோரின் மாத்திரை இட்டால் அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். எண்ணெய் கலந்த நீருக்கு இவை இரண்டும் பயன்படா. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பகுதி வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வீடுகளுக்குள் வந்தது. அத்தகைய நீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது. தரைக்கடியிலுள்ள சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பிக் குளோரின் இட வேண்டும். இதற்கு உதவ மாநகராட்சி, ஊராட்சிச் சுகாதாரப் பணியாளர்களைக் கேளுங்கள். மூடிக்கிடந்த சம்ப்பிற்குள் ஒருவர் தனியே இறங்க வேண்டாம்.

தரையில் நேராக பிளீச்சிங் பவுடரைத் தூவுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். சேற்றின் மேல் தூவிய குளோரின், கிருமியைச் சேர்வதற்குள் சேற்றிலேயே தீர்ந்துபோகும். மிஞ்சுவது நெடி மட்டுமே. முதலில் சேற்றை வழித்தெடுத்துச் சோப்பு நீரால் கழுவுங்கள். பின்னர் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இதனுடன் சேர்த்தால் நச்சுவாயு எழும். ஆஸ்துமா உள்ளவர் இவ்வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கக் கூடாது.

நனைந்த பஞ்சு மெத்தையையும் தலையணையையும் வெயிலில் காயவைத்து மீண்டும் விரிப்பது நம் வழக்கம். மேற்புறம் காய்ந்தாலும் நடுவில் ஈரம் தங்கும். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். மெத்தையை இழப்பது பொருட்சுமைதான். ஆயினும் நோயாளி படுக்கும் மெத்தையை மட்டுமாவது கழித்துவிடுங்கள். அதுவரை கட்டிலில் பாயும் துவைத்த போர்வைகளும் போதும். படுக்கைப்புண் தடுக்கும் காற்று மெத்தையைக் கழுவிப் பயன்படுத்தலாம். அதன் மின்மோட்டாரைப் பழுதுநீக்குபவர் பார்க்க வேண்டும்.

கீமோதெரபி பெறுபவரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவரும், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவரும் சுவர்கள் உலர்ந்து பூஞ்சண வாடை அறவே நீங்கும்வரை உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது. “என் வீட்டுக்கே போய்விடுகிறேன்” என்று பெரியவர்கள் பிடிவாதம் செய்வார்கள். அந்த ஏக்கம் நமக்குப் புரியாததன்று. பகலில் அழைத்துவந்து வாசலில் நாற்காலி போட்டுச் சிறிது நேரம் அமரவைத்து, மாலையில் திரும்ப அழைத்துச் செல்லலாம்.

காலும் காய்ச்சலும்

சர்க்கரை நோயாளி சேற்றில் கால் வைக்கவே கூடாது. நீண்டநாள் நோயில் பாதம் உணர்விழந்திருக்கும். ஆணி குத்தியதும் கண்ணாடி கிழித்ததும் அவருக்குத் தெரியாது. உடன் இருப்பவர் நாள்தோறும் மாலையில் அவருடைய பாதத்தையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறு கீறலாயினும் சோப்பு நீரால் கழுவி, மறுநாளைக்குத் தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூய்மை செய்பவர்களும் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும். காயம் பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் வெள்ளநீரில் நடந்தபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். கடுங்காய்ச்சல், கெண்டைக்காலில் தாளாத வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் முதல் குறிகள். மஞ்சள்காமாலையும் சிறுநீர் குறைதலும் பின்னர் வரும். தொடக்கத்தில் எளிய மாத்திரைகளாலேயே குணமாகும் இந்நோய், தாமதித்தால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு முன்காப்பாக டாக்ஸிசைக்ளின் தரப்படுவதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஏற்றதன்று. மற்றவர்களும் மருத்துவர் சொன்னால் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

அதற்குள் வீடு கழுவி முடிந்திருக்கும்; வெள்ளம் வந்த நினைவும் சற்று மங்கியிருக்கும். ஆகவே காய்ச்சலோடு வருபவர், தாம் வெள்ளநீரில் நடந்ததையும் நடந்த தேதியையும் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரவில் ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.