அறுவை முடிந்தது, சிகிச்சை முடியவில்லை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் முதியவரைக் கட்டிலில் படுக்க வைத்து, "அசையாமல் இருங்கள்" என்று அன்போடு சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அந்த அன்பே அறுவை சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடக் கூடும்.

தேய்ந்த மூட்டுப் பரப்புகளை நீக்கிவிட்டு, உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துவது மருத்துவரின் பணி. அதை இயக்க வேண்டியவை தசைகள். தொடையின் முன்புறத் தசையோ, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழக்கிறது. வீக்கமும் வலியும் அத்தசைக்கான நரம்புத் தூண்டலைத் தடுப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஓய்வு இதைச் சரிசெய்யாது; பயிற்சியே சரிசெய்யும்.

அதனால்தான் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை வாக்கர் உதவியுடன் நடக்க வைக்கிறார்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடைத் தசையை இறுக்குதல், குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குதல், காலை நேராக உயர்த்துதல் ஆகியவை தொடக்கப் பயிற்சிகள்.

சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எளிதாக எழ 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். மடக்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் நீட்டுவதில் காட்டுவதில்லை. இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தே படுத்திருந்தால், கால் வளைந்த நிலையிலேயே இறுகி, நடை நொண்டலாகிவிடக் கூடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வைப்பதே சரி. முதல் சில வாரங்களில் மீட்காத அசைவைப் பின்னர் மீட்பது கடினம்.

பயிற்சியின்போது வலி இருக்கும். மருத்துவர் தந்த வலிநிவாரணியும் பனிக்கட்டி ஒத்தடமும் அதைத் தாங்கத் துணை நிற்கும். ஆனால், கெண்டைக்காலில் திடீர் வலி அல்லது வீக்கம், மூச்சுத்திணறல், காயத்தில் கசிவு, காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. மூட்டின் விலை குறைந்தது. அதற்குப் பிந்தைய பயிற்சியின் செலவோ குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. இயன்முறை மருத்துவரை வாரந்தோறும் வீட்டுக்கு வரவழைப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. மூட்டு மாற்று சிகிச்சை பெற்ற ஏழை நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே அவர் பெயர் அப்பட்டியலில் சேர வேண்டும்.

புதிய மூட்டை மருத்துவமனை தரலாம். நடையை மீட்டுத் தருவது, வீட்டில் அன்றாடம் தொடரும் பயிற்சிதான்.