கண் பார்த்தாச்சு... கை எப்போ நீளும்?

நாலு மாதக் குழந்தையின் முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டிப் பாருங்கள். உடம்பு முழுக்கத் துள்ளும், காலை உதைக்கும், வாயைக்கூடத் திறக்கும். கை மட்டும் எங்கோ போய் காற்றில் துழாவும். சில வாரங்கள் போகட்டும், அதே கிலுகிலுப்பை கச்சிதமாகக் கைக்குள் இருக்கும். அடுத்த நொடி வாய்க்குள்!

பிறந்த குழந்தைக்கு சுமார் 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. 'அப்பவே என் விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சே' என்பீர்கள். அது அனிச்சைச் செயல். வேண்டுமென்று பிடிப்பது பிறகுதான் வரும்.

தன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் குழந்தை குறி பழகுகிறது என்று பலரும் நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் கிளிஃப்டன் குழுவினர் இதைச் சோதித்து, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். இருட்டறையில் ஒளிரும் பொருளையும், சத்தம் எழுப்பும் பொருளையும் குழந்தைகள் முன் நீட்டினார்கள். கை கண்ணுக்கே தெரியாத அந்த இருட்டிலும், வெளிச்சத்தில் எட்டிப் பிடிக்கத் தொடங்கும் அதே வயதில் குழந்தைகள் பொருளைத் தொட்டுவிட்டார்கள். தன் கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலேயே உடம்பு உணர்ந்திருக்கிறது.

2002-ல் வெளியான இன்னொரு ஆய்வு சுவாரஸ்யமானது. ஏமி நீதம் குழுவினர், மூன்று மாதக் குழந்தைகளுக்கு வெல்க்ரோ ஒட்டிய குட்டிக் கையுறை மாட்டிவிட்டார்கள். கை பட்டாலே பொம்மை ஒட்டிக்கொள்ளும். இப்படி விளையாடிய குழந்தைகள், கையுறையைக் கழற்றிய பிறகும் பொருள்களை மற்றக் குழந்தைகளைவிட அதிக ஆர்வத்தோடு ஆராய்ந்தார்கள். இதற்காக நீங்கள் கையுறை தேடி அலைய வேண்டாம். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சுத்தமான மரக்கரண்டி போதும்.

'எதிர்வீட்டுக் குழந்தை பிடிக்குதே' என்று ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த நாளிலிருந்து இல்லாமல், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

ஆனால், ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு வயதுக்குள் எதையும் ஒரே கையால் எடுக்கிறது, மற்ற கை மூடியே கிடக்கிறது என்றால், 'இடதுகைப் பழக்கம் போல' என்று வீட்டில் சிரித்துக் கடந்துவிடுவார்கள். அந்த வயதில் இடது, வலது பழக்கம் பொதுவாக உறுதிப்படாது. உபயோகிக்காத பக்கம் பலவீனமாக இருக்கலாம். பொம்மையை நடுவில் நீட்டுங்கள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம். எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரே கைதான் வருகிறதா? அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.