மலை சின்னது, மழை பெரிது

அந்தமானின் மிக உயர்ந்த சிகரம் 732 மீட்டர்தான். ஆனால் ஏறப் போனவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்ப அதன் தலைக்கு மேலே ஒரு வானம் இருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். வடக்கு அந்தமானில் திக்லிப்பூரை அடுத்த காளிப்பூர் பகுதி. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. சேடில் சிகரம் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பதுபோல் எதிரே நிற்கிறது. முதுகுப் பையும் புது ஷூவுமாக வந்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்கு உற்சாகம் தாங்காது. இவ்வளவுதானா, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். கூட வரும் உள்ளூர்க்காரரின் கணக்கு வேறு. ராத்திரி மேலே மழை பெய்ததா, கடல் ஏறுகிறதா இறங்குகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் நடையைக் கட்டுவார்.

பத்து மணிக்குள் சிகரம் காணாமல் போயிருக்கும். பதினோரு மணிக்குக் காட்டின் கூரைமேல் சடசடவென்று சத்தம் கேட்கும். அரை மணியில் வெயில் அடிக்கும். வெயிலை நம்பி நடந்தால் அடுத்த வளைவில் மறுபடியும் மழை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தமிழ்நாட்டுக்காரர்கள் வானொலியிலும் டி.வி.யிலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாசகம் ஒன்று உண்டு: அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு நிலை. சென்னைவாசிக்கு அது மூன்று நான்கு நாள் முன்னெச்சரிக்கை. குடையைத் தேடி எடுக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்களா என்று யோசிக்கலாம். அந்தமான் காட்டில் நடந்துகொண்டிருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. வானிலை தயாராகும் அடுக்களைக்குள்ளேயே அவர் நிற்கிறார்.

ஏமாற்றும் உயரம்

சேடில் சிகரம் அந்தமான் நிகோபார் தீவுக் கூட்டத்திலேயே உயரமானது. சேடில் என்றால் குதிரைச் சேணம். சுற்றியுள்ள காடு 1979இல் தேசியப் பூங்காவானது. திருவண்ணாமலை மலையே 814 மீட்டர் என்னும்போது 732 மீட்டர் யாரையும் பயமுறுத்தாது. சிக்கலே அதில்தான். கொடைக்கானலுக்குப் போகிறவர் முக்கால்வாசி உயரத்தை பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறார். இங்கே முதல் அடி கடல் மட்டத்தில் விழுகிறது. லாமியா விரிகுடாவிலிருந்து உச்சிக்குச் சுமார் 8 கி.மீ. ஆரம்பத்தில் கூழாங்கற்கள் நிறைந்த கரையோரமாகவே நடக்க வேண்டும். அலை ஏறியிருந்தால் பாறைகளின்மேல் தொற்றித்தான் போக வேண்டும். பிறகு காடு. அதன் பிறகு ஏற்றம், ஏற்றத்துக்கு மேல் ஏற்றம்.

இமயமலையில் நடந்து பழகியவர்கள்கூட இங்கே திணறுவதற்குக் காரணம், குளிருக்குப் பதில் புழுக்கம். வெப்பநிலை 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலராத வியர்வை சட்டையை நனைத்து, உடம்பிலுள்ள தண்ணீரையும் உப்பையும் காலி செய்துவிட்டுப் போகிறது. தலைவலி, வாந்தி வருவதுபோல் ஒரு உணர்வு, கெண்டைக்கால் பிடிப்பு என்று தொடங்கி மயக்கம் வரை போகலாம். குளிர்ப் பிரதேசத்துக்கென்று வாங்கிய தடித்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம், வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாக இரண்டு பக்கமும் நனையலாம். சர்க்கரை, உப்பு கலந்த தண்ணீரும் சீக்கிரம் காயும் மெல்லிய துணியும்தான் இங்கே துணை.

மழை ஏன் இப்படித் தலைகாட்டித் தலைகாட்டி மறைகிறது? நாலாபுறமும் வெதுவெதுப்பான கடல். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது. கடலின் ஈரக்காற்று உள்ளே வருகிறது. குறுக்கே நிற்கும் மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. எனவே கரையில் வெயில் அடிக்கும்போதே முகட்டில் மழை கொட்டும். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அங்கங்கே தலைதூக்கி நிற்பதுதான் அந்தமான். மூழ்கிய மலைத்தொடருக்கு மழைமேகத்தைப் பிடித்துவைக்கும் குணம் மட்டும் போகவில்லை.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. சென்னைக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. நாட்டிலேயே தென்மேற்குப் பருவமழை முதலில் கால் வைப்பதும் இங்கேதான். கேரளத்துக்கு ஜூன் முதல் வாரம் என்றால் அந்தமானுக்கு மே மூன்றாவது வாரம். அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை. நடப்பவர்களுக்கென்று மிஞ்சுவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை மூன்றரை மாதம். அதற்கும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஐந்து மணிக்கு இருட்டு

வெளியூர்க்காரர்கள் கணக்கில் கோட்டை விடும் இன்னொரு இடம் கடிகாரம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. அந்தமான் அதற்கும் கிழக்கே 10 டிகிரி தள்ளி இருக்கிறது. மணி ஒன்றானாலும் சூரியன் வேறு கணக்கில் ஓடுகிறது. நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40 வாக்கில் அஸ்தமனம் என்றால், இங்கே ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நாலரைக்கே கண் மங்கும். மேகமும் மூடினால் நாலு மணிக்கே. ஊர் வழக்கப்படி ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று நினைத்து உச்சியில் ஆற அமர உட்கார்ந்தவர்கள், வழுக்கும் களிமண் சரிவில் டார்ச் வெளிச்சத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

அந்தமான் மலையிலிருந்து இருட்டில் இறங்கி வந்தவர்களில் சரித்திரத்தில் இடம் பெற்றவர் வைஸ்ராய் மேயோ பிரபு. 1872 பிப்ரவரி 8. போர்ட் பிளேர் கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட்டு முடித்தவர், எதிர்க்கரையிலிருந்த ஹாரியட் மலைக்கும் போய்விடலாம் என்றார். உடல்நலம் குன்றியவர்கள் தங்க ஏற்ற இடமா என்று பார்ப்பது நோக்கம். உச்சியில் உட்கார்ந்து அஸ்தமனத்தை ரசித்தார். இறங்கும்போது இருட்டிவிட்டது. தீப்பந்த வெளிச்சத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்தபோது, இருளில் காத்திருந்த ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி பாய்ந்து கத்தியால் குத்தினார். பதவியிலிருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான். மார்ச்சில் வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார்.

அந்த மலை 400 மீட்டருக்கும் குறைவு. 1891 ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மணிப்பூரிகளின் நினைவாக 2021இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் வைக்கப்பட்டது. போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயர்கள் மாறினாலும் இருட்டும் நேரம் மாறவில்லை.

ஓடையின் அவசரம்

சேடில் சிகரத்துச் சரிவில் பிறக்கும் கல்போங் வடக்கு நோக்கி ஓடி, வழியில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றையும் இயக்குகிறது. இங்கே ஆறு என்று சொல்லிக்கொள்ள அதுதான் முக்கியம். மற்றவை பெரும்பாலும் மலையில் புறப்பட்டுச் சில கி.மீ.யில் கடலில் விழும் ஓடைகள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும். மேலே ஒரு மணி நேரம் மழை கொட்டினால் இடுப்பளவு. நடப்பவர் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அதுதான் எச்சரிக்கை மணி.

இந்த ஓடைகள் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கவும் செய்யும். மழை விட்ட சில மணி நேரத்தில் பழையபடி கல் தெரியும். ஆகவே காத்திருப்பதுதான் வைத்தியம். ஆனால் படகு போய்விடுமே, ஓட்டலில் தேடுவார்களே என்ற பதற்றம் காத்திருக்க விடாது. காலை வைத்துப் பார்ப்போம் என்று இறங்குகிறவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

அந்தமானுக்கு மட்டும் உரிய ஆபத்து என்றும் சொல்ல முடியாது. பசிபிக் கடலில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் கலாலாவ் என்ற 18 கி.மீ. மலைப்பாதை உலகப் புகழ் பெற்றது. அதன் குறுக்கே ஹனகாபியாய் ஓடை. 2014 ஏப்ரலில் திடீர் வெள்ளம் வந்து அக்கரையில் சிக்கிய 121 பேரை மீட்க ஹெலிகாப்டர் தேவைப்பட்டது. 2018 ஏப்ரலில் அதே தீவின் வடகரையில் 24 மணி நேரத்தில் 1,262 மி.மீ. மழை கொட்டியது. சென்னை ஓராண்டில் பார்ப்பதில் பெரும்பகுதி. பாதை ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது.

கப்பல் வராத நாட்கள்

மலையை வென்றாலும் கடல் பாக்கி இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் வாரம் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போனவர்கள் இதை அனுபவித்தார்கள். தாழ்வு மண்டலம் வலுத்தது. பலத்த காற்று, ஓயாத மழை. படகுப் போக்குவரத்து நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடல் கொஞ்சம் தணிந்த பிறகே கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்கள் வந்து அழைத்துப்போயின. அதே தாழ்வு மண்டலம்தான் வர்தா என்ற பெயரில் டிசம்பர் 12 அன்று சென்னைக்கு வந்து, நகரத்தின் மரங்களை வேரோடு சாய்த்தது. 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று அழைக்கப்படும் ஹேவ்லாக்கில் யானைக் கடற்கரைக்குப் போகும் காட்டுப் பாதை சுலபமானது, குழந்தைகளும் நடப்பார்கள். அதுவும் ஒரு மழை பெய்தால் சேறு. அதனால்தான் தீவுக்குப் போகிறவர்கள் கையில் பணத்தைவிட முக்கியமாக இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பாடம். மறுநாள் விமானத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்தான் மேகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடக்கிறார்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு, மேகப் படங்களைக் கைபேசியிலேயே பார்க்கும் வசதி தீவுகளுக்கு ஓரளவு கிடைத்திருக்கிறது. புயல் வருமா என்பதை அது சொல்லும். இந்த முகட்டில் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மழை உண்டா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அதற்கு உள்ளூர் ஆள்தான். மொழி தடையில்லை. 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்தபடி இந்தத் தீவுகளில் அதிகம் பேரின் தாய்மொழி தமிழ். டீக்கடையில் தமிழிலேயே மழையைப் பற்றி விசாரிக்கலாம்.

அப்படி விசாரித்தால் பல விஷயம் கிடைக்கும். அட்டைக்கு ஒரு சின்னத் துணியில் உப்பு முடிந்துகொள்வது. தங்குமிடத்தில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது. வனத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்காமல் உள்ளே நுழையாதது. கழிமுகத்திலும் சதுப்புநிலத்திலும் தண்ணீரில் இறங்காதது: 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட காடுகளின் பக்கம் போகவே கூடாது. 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது குற்றம்.

திரும்பத் தெரிந்தவர்கள்

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும்போதே ஒரு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. உச்சிக்கு இன்னும் இருநூறு அடிதான் என்றாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். சொல்ல எளிது. திக்லிப்பூர் வருவதற்கே போர்ட் பிளேரிலிருந்து சுமார் 300 கி.மீ. சாலையில் முதுகு நோக வந்திருப்பார்கள். பணம், லீவு, ஊரில் சொல்லிவிட்டு வந்த பெருமை எல்லாம் சேர்ந்து மேலே தள்ளும். அந்த நேரத்தில் போதும் என்று சொல்வதற்குத்தான் கூட ஓர் உள்ளூர்க்காரர் தேவை. உச்சிக்கு வழி காட்டுவது அவர் வேலையில் பாதிதான்.

பாதியில் திரும்பியவர்களுக்கு மலை ஒரு கடைசி வேடிக்கை காட்டுவதுண்டு. சேறும் சகதியுமாகக் காளிப்பூருக்கு வந்து, ஈரச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு டீ குடிக்க உட்காரும்போது மேகம் கலையும். சாய்ந்த வெயிலில் சிகரம் மறுபடியும் துல்லியமாக, ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அது குளிர்காலமாக இருந்தால் இரவில் இதே கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும். சில ஆமைகள் கரையேறி, மணலைப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இன்னொரு இரவு மறுபடியும் வரும்.