இரு வீட்டாருக்கும் நல்ல பிள்ளை!

"மாமா! கதவைத் திறக்க மாட்டேங்கிறான் மாமா!"

கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அக்கா பிள்ளை இப்படி அலறியதும், யாரோ வம்புக்கு வந்துவிட்டார்கள் என்று எண்ணி வாசலுக்கு ஓடினேன். அங்கே ஒருவரும் இல்லை. திறக்க மறுத்த கதவு நம் வீட்டுக் கதவும் அல்ல. இந்தப் பூமியைச் சேர்ந்ததே அல்ல. 'மால்ட்டா' என்று ஒரு கிரகம்; அதன் இறங்குதுறையில் பையனுடைய விண்கப்பல் நின்று, உள்ளே வர உத்தரவு கேட்கிறது. உத்தரவுக்குப் பதில் சரமாரியாகக் குண்டுகள் வருகின்றன. அடுத்த நிமிஷம் கப்பல் சுக்கு நூறாகிவிட்டது!

"நீ அவர்களுக்கு என்னடா கெடுதல் செய்தாய்?" என்றேன்.

"நான் ஒண்ணுமே செய்யலையே! போலீஸுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினேன், அவ்வளவுதான்" என்றான்.

அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரிய விஷயம் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது, கேளுங்கள்.

விளையாட்டின் பெயர் 'ஃப்ரீலான்ஸர்'. 2003-ம் வருஷம் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் வெளியிட்டது. வித்திட்டவர் கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர். இதில் உங்களுக்கு ஒரு சிறு கப்பல் கொடுத்துவிடுவார்கள். ஓரிடத்தில் மலிவாகச் சரக்கு வாங்கி, இன்னோரிடத்தில் விலைக்கு விற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டியது. தண்ணீர், உணவு, எரிபொருள் முதல் தங்கம், வைரம் வரை எல்லாம் சரக்குதான். கையில் பணம் சேரச் சேரப் பெரிய கப்பல் வாங்கலாம்.

ஆகாய வியாபார விளையாட்டு என்பது அதற்கு முன்பே உண்டு. 1984-ல் டேவிட் ப்ரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலீட்' என்று ஒன்றைச் செய்து பெரும் பெயர் வாங்கினார்கள். அதில் நியாயம் வெகு சுலபம். நீங்கள் சுத்தமானவர், அல்லது குற்றவாளி, அல்லது தேடப்படுகிற பேர்வழி. போலீஸ் என்ற ஒரே ஆசாமியின் கண்ணில் படாமல் பிழைத்தால் போதும். 'ஃப்ரீலான்ஸ'ரில் அப்படி அல்ல. அங்கே டஜன் கணக்கில் கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் உங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. திரையில் அதற்கென்று ஒரு ஜாபிதாவே இருக்கிறது. பெயருக்கு எதிரே பச்சைக் கோடு நீண்டால் சிநேகம். சிவப்புக் கோடு நீண்டால் விரோதம்.

இந்தக் கோஷ்டிகள் எங்கிருந்து முளைத்தன என்ற பூர்வகதை சுவாரசியமானது. பூமி இருக்கும் சூரிய மண்டலத்தில் ஒரு மகா யுத்தம் நடக்கிறது. தோற்கும் நிலையில் இருந்தவர்கள் ஐந்து கப்பல்களில் ஜனங்களைத் தூங்க வைத்து, 'ஸிரியஸ்' என்ற தொலைதூர மண்டலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவற்றில் நான்கு கப்பல்கள் போய்ச் சேர்ந்து லிபர்ட்டி, ப்ரெட்டோனியா, குஸாரி, ரைன்லாந்து என்று நான்கு ராஜ்யங்கள் உண்டாயின. ஐந்தாவதான 'ஹிஸ்பானியா' நடுவழியில் பழுதாகிவிட்டது. தப்பிப் பிழைத்தவர்கள் இரண்டு கிளையாகப் பிரிந்தார்கள். மால்ட்டா கிரகத்தில் குடியேறியவர்கள் 'அவுட்காஸ்ட்'கள்; க்ரீட் கிரகத்தில் ஒதுங்கியவர்கள் 'கோர்ஸேர்'கள். 800 வருஷம் கழித்துக் கதை தொடங்கும்போது, ஒரே கப்பலின் வாரிசுகளான இந்த இரண்டு கூட்டத்துக்கும் முகத்தில் விழிக்காத பகை. பங்காளிக் காய்ச்சல் ஆகாயத்துக்குப் போனாலும் விடாது போலிருக்கிறது!

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கூட்டமும் பரிதாபத்துக்கு உரியவைதான். மால்ட்டாவில் 'கார்டமைன்' என்ற ஒரு போதைப் பொருள் விளைகிறது. அதைப் பிற ராஜ்யங்களுக்குக் கடத்தி விற்றுக் கொழிக்கிறார்கள் அவுட்காஸ்டுகள். ஆனால் அது இல்லாமல் அவர்களாலேயே உயிர் வாழ முடியாது. உடம்பு அப்படி ஆகிவிட்டது. க்ரீட்டிலோ சாப்பாட்டுக்கே தரித்திரம். கோர்ஸேர்கள் கொள்ளை அடிக்கிறார்கள். பழங்காலத்து அந்நிய ஜீவன்கள் விட்டுச் சென்ற விசித்திரப் பொருள்களைத் தோண்டி எடுத்துக் கள்ளத்தனமாக விற்கிறார்கள். இந்த இரு சாராரையும் வேட்டையாடுவதற்கென்றே தலைக்கு விலை வாங்குகிற வேட்டைக்காரர்கள் ஒரு கோஷ்டி. அவர்களுக்கு நான்கு ராஜ்யத்துப் போலீஸாரும் நேசம்.

குஸாரி ராஜ்யத்தில் 'கோல்டன் கிரிஸாந்திமம்' என்று ஒரு கூட்டம் உண்டு, பெரும்பாலும் பெண்கள். பெண்களை வீட்டோடு முடக்கிப்போடும் குஸாரி சம்பிரதாயத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள். அரசாங்கக் கணக்கில் அவர்களும் கொள்ளைக் கோஷ்டிதான். அந்த வட்டாரத்தில் சரக்கு ஏற்றிப் போகும்போது அவர்களைச் சுடுவதா, விட்டுவிடுவதா என்பது விளையாடுகிறவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. எங்கள் பையன் சுடவில்லை. காரணம் மனச்சாட்சியா, அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்ததா, தெரியாது.

சரி, கதவு விஷயத்துக்கு வருவோம். ஒரு கோஷ்டியின் கப்பலை நீங்கள் வீழ்த்தினால் அந்தக் கோஷ்டிக்குக் கோபம். அதோடு அதன் சிநேகிதர்களுக்கும் கோபம். அதன் விரோதிகளுக்கோ சந்தோஷம். பையன் ஆரம்ப காலத்தில் லிபர்ட்டி போலீஸாருக்காகக் கொள்ளைக்காரர்களை வேட்டையாடிச் சம்பாதித்திருக்கிறான். ஒவ்வொரு கப்பல் விழும்போதும் போலீஸ் கோடு பச்சையாக நீண்டது. அதைப் பார்த்துப் பூரித்தானே தவிர, ஜாபிதாவின் அடியில் சிவந்துகொண்டே போன பெயர்களைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் 'ஸேபர்' என்ற சண்டைக் கப்பல் மீது ஆசை வந்தது. அருமையான கப்பல்! ஆனால் விற்கிற இடம் மால்ட்டா. அதற்குச் சமதையான 'டைட்டன்' கப்பல் விற்கிற இடமோ க்ரீட். அதாவது அந்த ஆகாயத்திலேயே உயர்ந்த ரகக் கப்பல்கள் இரண்டும், போலீஸாருக்கு நல்லவனாக இருந்தவன் காலெடுத்து வைக்க முடியாத ஊர்களில் இருக்கின்றன!

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரு யோசனை சொன்னாள். அவள் புகுந்த வீட்டில் இரண்டு ஓரகத்திகள் பதினைந்து வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் இவளுக்கு முதல் பத்திரிகை வரும். "இதிலே என்னடா கஷ்டம்? அங்கே நடந்ததை இங்கே சொல்லாமல், இங்கே நடந்ததை அங்கே சொல்லாமல் இருந்தால் தீர்ந்தது" என்றாள்.

குடும்பத்துக்கு அது உத்தமமான யோசனை. ஆனால் இந்த விளையாட்டில் பலிக்காது. ஏன் தெரியுமா? அங்கே ரகசியம் என்பதே கிடையாது. ஈ காக்காய் இல்லாத அந்தகார ஆகாயத்தில் ஒரே ஒரு கோர்ஸேர் கப்பலைச் சுட்டாலும், அந்தக் கணமே க்ரீட்டிலும் தெரியும், மால்ட்டாவிலும் தெரியும். யந்திரம் கணக்கு எழுதிவிடுகிறது. நாக்கை அடக்கிப் பிரயோஜனமில்லை. கையைத்தான் அடக்க வேண்டும்.

அடக்கினால் போதுமா? போதும் என்பதுதான் இந்த விளையாட்டின் சூட்சுமம். இறங்குதுறை திறப்பதற்கு அவர்கள் உங்களை நேசிக்க வேண்டியதில்லை. வெறுக்காமல் இருந்தால் சரி. பச்சையும் இல்லாமல், சிவப்பும் இல்லாமல், கோடு நடுவில் நின்றால் உள்ளே விட்டுவிடுகிறார்கள். அனுபவசாலிகள் எல்லோரையும் திருப்திப்படுத்தக் கிளம்புவதில்லை. வழியில் மடக்கப்பட்டால் சண்டையை ஜயிப்பதைவிட, சரக்கோடு ஓடித் தப்புவதில் கருத்தாக இருக்கிறார்கள். கூலிக்குச் சண்டை போட்டே தீரவேண்டும் என்றால் 'ஸீனோஸ்' போன்ற கூட்டத்தின் மேல் பாய்கிறார்கள். அந்நியரைக் கண்டாலே ஆகாத கூட்டம் அது. அதற்காகப் பரிந்து பேச அதிகம் பேர் இல்லை.

விளையாட்டிலேயே இந்தக் கலையில் தேர்ந்த இரண்டு கோஷ்டிகள் உண்டு. ஒன்று 'ஜங்க்கர்'கள், நம் ஊர்ப் பாஷையில் காயலான் கடைக்காரர்கள். ஆகாயத்தில் மிதக்கும் உடைசல்களைப் பொறுக்கி விற்பது அவர்கள் தொழில். போலீஸார் குப்பையை அள்ளட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். கொள்ளைக்காரர்களுக்கோ திருட்டுச் சரக்கைத் தள்ளிவிட இவர்களை விட்டால் ஆள் இல்லை. நியூயார்க் என்ற பெயருள்ள மண்டலத்திலேயே, லிபர்ட்டி சர்க்காரின் மூக்குக்கு அடியில், 'ரோச்செஸ்டர்' என்ற தளத்தில் கடை பரப்பியிருக்கிறார்கள்! மற்றொன்று 'ஸோனர்'கள். எந்த ராஜ்யத்துக்கும் கட்டுப்படாமல், எல்லைப்புறங்களில் 'ஃப்ரீபோர்ட்' என்ற பெயரில் சத்திரம் போலத் தளங்கள் வைத்து, வந்தவர்க்கெல்லாம் இடம் கொடுப்பவர்கள். கதை தொடங்குவதே அப்படிப்பட்ட 'ஃப்ரீபோர்ட் 7' வெடித்துச் சிதறுவதில்தான். யாருக்கும் விரோதியாக இல்லாதவனுக்கும் ஆபத்து உண்டு என்பதைக் கதாசிரியர்கள் மறக்கவில்லை!

நமது பையனுக்கு விமோசனம் கிடைத்தது காயலான் கடைக்காரர்களின் மதுக்கடைகளில். அங்கே மூலையில் உட்கார்ந்திருக்கும் சில ஆசாமிகள், இன்ன கோஷ்டியில் எனக்குச் செல்வாக்கு உண்டு, இவ்வளவு கொடு, உன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்பார்கள். சுத்தமான லஞ்சம்தான். வைரம் விற்ற பணத்தில் பாதி இதற்கே போயிற்று. கொடுத்தும் சிவப்புக் கோடு முழுதும் மறையவில்லை.

மிச்சத்துக்கு என்ன செய்வது? மால்ட்டாக்காரரின் மனம் குளிரக் கோர்ஸேர்களைச் சுடலாம். ஆனால் க்ரீட் கதவு சாத்திக்கொள்ளும். கோர்ஸேர்களைக் குளிர்வித்தால் மால்ட்டா போயிற்று. ஒரு நாள் பூராவும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் கடைசியில் கண்டுபிடித்தான்: பங்காளிகள் இருவருக்கும் பொது விரோதி வேட்டைக்காரர்கள் அல்லவா? அவர்கள் கப்பல் ஒன்று விழுந்தால் மால்ட்டாவிலும் முகம் மலரும், க்ரீட்டிலும் மலரும். ஆனால் அதுவும் இலவசம் அல்ல. வேட்டைக்காரரின் சிநேகிதர்களான போலீஸார், எவருக்காக இத்தனை நாள் பாடுபட்டானோ அவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். பழைய பச்சைக் கோடு ஒவ்வொரு நூலாகக் குறைவதைப் பார்த்துப் பையன் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, அது நிஜமானது.

இதே 2003-ல் ஐஸ்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்று 'ஈவ் ஆன்லைன்' என்று மற்றொரு ஆகாய வியாபார விளையாட்டைத் தொடங்கியது. அதில் அபிப்பிராயத்துக்கு மார்க்கே உண்டு. மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை. ஒரு சாம்ராஜ்யத்திடம் மைனஸ் 5-க்குக் கீழே போனால் அதன் கப்பல் படை உங்களைத் துரத்தும். அங்கேயும் ஒருவருக்கு உழைத்தால் மற்றவர் பகைதான். ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோ என்னவோ, 'ஸிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ்' என்ற தர்ம ஸ்தாபனத்துக்காகச் செய்யும் ஒரு நீண்ட பணித் தொடரை 2009-ல் சேர்த்தார்கள். அதை முடித்தால் நான்கு சாம்ராஜ்யங்களில் ஒன்றின் நல்லெண்ணத்தைப் பெறலாம். அதற்காக மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளாது. இப்படி ஒரு புண்ணிய வழி 'ஃப்ரீலான்ஸ'ரில் இல்லையே என்று பையனுக்கு மெத்த ஆதங்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மால்ட்டாவின் கதவு திறந்தது. க்ரீட்டுக்கும் போய்வந்தான், குண்டு விழவில்லை. வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். அப்போதுதான் அவன் மறந்திருந்த ஒரு விதி நினைவுக்கு வந்தது. இந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரு கப்பல்தான்! புதியதை வாங்க வேண்டுமானால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும். ஸேபரை வாங்கினால் டைட்டன் இல்லை. டைட்டனை வாங்கினால் ஸேபர் இல்லை.

"எதை வாங்கட்டும் மாமா?" என்று மால்ட்டா இறங்குதுறையில் கப்பலை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான். நான் அக்காவைக் கை காட்டிவிட்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.