ஒப்பந்ததாரர் உடன்படிக்கைகளில் பணியிடப் பாதுகாப்பு நிபந்தனைகள்

ஒரு நிறுவனம் தன் வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுக்கும்போது வேலையின் அளவு, தரம், காலக்கெடு, தொகை ஆகியவற்றை எழுதிக்கொள்கிறது. அவற்றுடன் வேலை எவ்வளவு பாதுகாப்பாக நடக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டால் அது பாதுகாப்புச் செயல்திறன் நிபந்தனை எனப்படும். கட்டுமானம், எண்ணெய் எடுத்தல், ரசாயன ஆலைப் பராமரிப்பு, மின்பாதை, கழிவுநீர்ப் பணி ஆகிய துறைகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

"ஒப்பந்ததாரர் எல்லாப் பாதுகாப்பு விதிகளையும் கடைப்பிடிக்க வேண்டும்" என்ற ஒற்றை வரி பல ஒப்பந்தங்களில் உண்டு. அதை அறிவுரை என்றுதான் சொல்ல வேண்டும். அளந்து பார்க்கக் கூடியதாகவும், மீறினால் விளைவு உள்ளதாகவும் இருந்தால்தான் அது செயல்திறன் நிபந்தனை ஆகும்.

தேவை ஏன் வந்தது

ஆபத்து கூடிய வேலைகளே பெரும்பாலும் ஒப்பந்தத்துக்குப் போகின்றன. கொதிகலனுக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது, உயரத்தில் சாரம் கட்டுவது, பழுதான வால்வைக் கழற்றுவது போன்றவற்றை ஆலையின் நிரந்தர ஊழியர்கள் செய்வது குறைவு. எந்தக் குழாயில் என்ன வாயு போகிறது என்பது நிரந்தர ஊழியருக்குத் தெரியும். வேலைக்கு இறங்குபவர் நேற்று வந்த ஒப்பந்தத் தொழிலாளி. இந்த இடைவெளியில்தான் விபத்துகள் நேர்கின்றன.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் பசடேனா நகரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை 1989 அக்டோபர் 23 அன்று வெடித்தது. 23 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்துதான் வாயு கசிந்தது. ரசாயன ஆலைகளுக்கான பாதுகாப்பு விதியை அமெரிக்க அரசு 1992-இல் வெளியிட்டபோது ஒப்பந்ததாரர்களுக்கென்று அதில் ஒரு தனிப் பிரிவு சேர்ந்தது. ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும்போதே அவருடைய கடந்தகாலப் பாதுகாப்பு விவரங்களைக் கேட்டு வாங்கி மதிப்பிட வேண்டும், ஆலையின் ஆபத்துகளை அவருக்குச் சொல்ல வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களின் காயங்களுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று அது ஆலை உரிமையாளரையே பொறுப்பாக்கியது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பின் வேர் இன்னும் பழையது. ஒப்பந்ததாரரின் தொழிலாளி அடிபட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமே இழப்பீடு தர வேண்டும், பிறகு அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே வகுத்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இலும், கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-இலும் வந்தன.

எண்ணிக்கையால் அளத்தல்

டெண்டரில் முதலில் கேட்கப்படுவது காய விகிதம். அமெரிக்க முறையில், ஓராண்டில் பதிவான காயங்களின் எண்ணிக்கையை 2,00,000 ஆல் பெருக்கி, அவ்வாண்டில் எல்லாத் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். 2,00,000 எங்கிருந்து வந்தது? 100 தொழிலாளர்கள், வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம் வேலை செய்தால் கிடைக்கும் மணிநேரம் அது. ஆகவே விடை, 100 பேருக்கு எத்தனை காயம் என்பதைச் சொல்கிறது. 2,40,000 மணிநேரத்தில் 3 காயங்கள் என்றால் விகிதம் 2.5. இந்தியத் தர நிர்ணய முறையில் 10 லட்சம் மணிநேரம் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இரண்டு முறைகளையும் கலந்து ஒப்பிட்டால் ஐந்து மடங்கு பிழை வரும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பெரிய நிறுவனத்துக்கு ஓரளவு பொருந்தும், சிறியவருக்குப் பொருந்தாது. 10 பேரை வைத்து வேலை செய்யும் ஒரு மேஸ்திரியின் ஆண்டு மொத்தம் 20,000 மணிநேரம். ஒருவருக்கு விரல் நசுங்கினால் அவருடைய விகிதம் 10 ஆகிவிடும். அடுத்த ஆண்டு காயம் இல்லையென்றால் பூஜ்யம். இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஒரே மாதிரிதான் வேலை செய்திருப்பார். "விகிதம் 1-க்கு மேல் இருந்தால் டெண்டர் தள்ளுபடி" என்று எழுதும் அதிகாரி, கவனமான ஒருவரைத் தள்ளி, அதிர்ஷ்டசாலி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. எண்ணிக்கை குறைந்தால் பரிசு, கூடினால் அபராதம் என்று ஒப்பந்தம் சொன்னால், காயத்தைக் குறைப்பதைவிட காயப் பதிவைக் குறைப்பது எளிது. அடிபட்டவரைத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கையில் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம். எலும்பு முறிந்தவரை மறுநாள் அலுவலகத்தில் உட்காரவைத்து "வேலைநாள் இழப்பு இல்லை" என்று எழுதலாம். பதிவேடு சுத்தமாக இருக்கும். சாரம் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று நடந்தது இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. பிபி நிறுவனத்துக்காக டிரான்ஸ்ஓஷன் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்புக் காயம் ஏதும் நேராததற்குப் பாராட்டுத் தெரிவிக்க இரு நிறுவனங்களின் உயர் அதிகாரிகளும் அன்று மேடைக்கு வந்திருந்தனர். அன்று இரவே கிணறு வெடித்தது. இறந்த 11 பேரில் ஒருவர்கூட பிபியின் ஊழியர் அல்லர். அனைவரும் ஒப்பந்த நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். காய விகிதத்தை வைத்துக் கணக்கிட்ட டிரான்ஸ்ஓஷன், பாதுகாப்பில் 2010-தான் தன் வரலாற்றிலேயே சிறந்த ஆண்டு என்று அறிக்கையில் எழுதி அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகையும் அறிவித்தது. கண்டனம் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தது. வழுக்கி விழுந்தவர்களின் எண்ணிக்கை, கிணற்றின் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

செயலால் அளத்தல்

ஆகவே நல்ல ஒப்பந்தங்கள், விபத்துக்குப் பின் எண்ணுவதோடு நிற்காமல், விபத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றையும் எண்ணுகின்றன. வேலை தொடங்குமுன் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை முறை சாரம் சோதிக்கப்பட்டது, நூலிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை பதிவாயின என்பன போன்றவை. கடைசியாகச் சொன்னதில் எண்ணிக்கை கூடுவது பெரும்பாலும் நல்ல அறிகுறியே. ஆபத்து என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம், அதற்காக கூலி பிடிக்கப்படாது என்ற விதியும் எழுதப்படுகிறது. கூலி பற்றிய அந்தப் பாதி விடுபட்டால், தினக்கூலிக்காரர் யாரும் வேலையை நிறுத்தமாட்டார்.

பணி அனுமதிச் சீட்டு முறை இவற்றுள் முக்கியமானது. வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வை ஒப்பந்தத் தொழிலாளர்கள் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றியிருந்தனர். பம்புக்கு ஒரு சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. வால்வு இன்னும் பொருத்தப்படவில்லை என்ற செய்தி இரவுப் பணிக்கு வந்தவர்களைச் சென்றடையவில்லை; அவர்கள் பம்பை இயக்கினர். 167 பேர் இறந்தனர், பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சீட்டு முறை அங்கே இல்லாமல் இல்லை; அது காகிதத்தில் நடந்தது. அதனால்தான் ஷிப்ட் மாறும்போது இரு தரப்பும் நேரில் சந்தித்துச் சீட்டைக் கைமாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது பொருளுள்ளது.

யார் பணம் கொடுப்பது

மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்றால், தொகையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது பாதுகாப்பு வலையும் பெல்ட்டும்தான். ஹாங்காங் அரசு 1996-இல் தன் பொதுப்பணி ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வழி கண்டது. பாதுகாப்புக்கான செலவினங்களைப் போட்டியிலிருந்து பிரித்து, அவற்றுக்கு அரசே விலை நிர்ணயித்தது. பயிற்சியோ ஆய்வோ நடந்தது உறுதியானால் மட்டும் அந்த வரிக்குப் பணம். செய்யாதவர் இழப்பார், செய்பவர் டெண்டரில் தோற்கமாட்டார். அபராதத்தைவிட இது நேர்மையான முறை.

துணை ஒப்பந்தம் என்ற படிக்கட்டில் இந்த நிபந்தனைகள் கரைந்துபோவதும் உண்டு. மேலே கையெழுத்தான நாற்பது பக்க விதிகள், மூன்றாம் படியில் நிற்கும் மேஸ்திரியிடம் வாய்ச்சொல்லாகக்கூடச் சேர்வதில்லை. எனவே விதிகள் துணை ஒப்பந்ததாரரையும் அப்படியே கட்டுப்படுத்தும் என்று எழுதுவதும், முன் அனுமதியின்றி வேலையைக் கைமாற்றத் தடை விதிப்பதும் வழக்கம்.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் இந்தப் படிக்கட்டு தெளிவாகத் தெரிகிறது. ஆபத்தான முறையில் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் மரணங்கள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அத்துடன் இத்தகைய பணிகளுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரிக்கவும், விபத்து நேர்ந்தால் அந்த முகமை ஒப்பந்தத்தை இழக்கவும் கறுப்புப் பட்டியலில் சேரவும் அதில் வழிசெய்யவும் ஆணையிட்டது. மாநில அரசுகளும் அந்த மாதிரியையே பயன்படுத்த வேண்டும் என்றும் கூறியது.