இன்சுலினோடு பயிற்சியையும் பெற்றுச் செல்லுங்கள்

"இனி இன்சுலின் தேவைப்படும்" என்று மருத்துவர் கூறியதும் பலரின் முகம் வாடிவிடுகிறது. நோய் முற்றிவிட்டது, இதுவே கடைசி மருந்து, உணவில் கட்டுப்பாடின்றி இருந்ததற்கு இது தண்டனை என்னும் எண்ணங்களே அதற்குக் காரணம். இவற்றுள் எதுவும் உண்மையன்று. இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. மாத்திரைகள் போதாத நிலையில், அந்தக் குறையை ஊசியின் வழியாக நிரப்புகிறோம், அவ்வளவே.

அஞ்ச வேண்டியது இன்சுலினுக்கு அன்று. முறையாகக் கற்காமல் அதைப் போட்டுக்கொள்வதற்கே. ஒன்றை எடுத்துக்காட்டுவோம். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் மருந்து உள்ளது. பேனாவில் பயன்படும் மருந்திலோ 100 யூனிட் உள்ளது. 40 யூனிட் மருந்துக்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட்டுக்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 50 யூனிட். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். ஆகவே, மருந்துக் கடையில் குப்பியையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

ஊசியை வயிற்றிலோ தொடையிலோ போடலாம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தைத் தவிர்க்கவும். நாள்தோறும் இடத்தை மாற்றுவது கட்டாயம். ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டி தோன்றும். அங்கே செலுத்தும் மருந்து சீராக உடலில் சேராது. திறக்காத குப்பியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பகுதியில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். அளவு 70 மில்லி கிராமுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதியுங்கள். உயராவிடில் மறுபடியும் பருகுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். இதனை வீட்டில் உள்ளோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே, பயிற்சிக்கு உறவினர் ஒருவரையும் உடன் அழைத்து வருமாறு வேண்டுகிறோம்.

விரதம், காய்ச்சல், வாந்தி, நெடும் பயணம் ஆகிய நாட்களில் மருந்தின் அளவு மாறக்கூடும். அதனைத் தாமாகவே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்; நீரிழிவு மருத்துவரைக் கேளுங்கள். கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை வருகையில் உங்கள் குப்பி, சிரிஞ்சு அல்லது பேனா, சர்க்கரைக் குறிப்பேடு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். எங்கள் செவிலியர் முன்பாக ஒரு முறை ஊசி போட்டுக் காட்டுங்கள். பல ஆண்டுகளாகப் போட்டுவருவோரும் தயங்க வேண்டாம். கைப்பழக்கத்தில் புகுந்த சிறு பிழையைத் திருத்தப் பத்து நிமிடங்கள் போதும்.