தென்பெண்ணைப் பாசனமும் உலோக நஞ்சும்

ஓசூர் வட்டாரத்தில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெள்ளை நுரை பொங்கி ஓடுவதைப் பார்க்காத விவசாயி இருக்க முடியாது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பக்கமாக வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிரப்பி வழியும் நகரக் கழிவுநீர் இந்த ஆற்றில் சேருகிறது. கொடியாளம் அருகே தமிழகத்திற்குள் நுழையும் இந்த நீர்தான் கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, இரு கால்வாய்கள் வழியாக நமது வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சம் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது.

நுரைக்கு முக்கியக் காரணம் சலவைத் தூள் கழிவு. அது கண்ணுக்குத் தெரியும். காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நீரில் கரைந்திருந்தால் நிறமும் தெரியாது, வாடையும் வராது. எனவே நுரை இருப்பதால் உலோகம் இருக்கிறது என்றோ, நுரை இல்லாததால் நீர் சுத்தம் என்றோ முடிவு கட்டக்கூடாது. சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

உடல் ஏமாறும் விதம்

முலாம் பூசும் பட்டறை, பாட்டரி, சாயப் பொருள், மின்னணுப் பொருள் தயாரிக்கும் தொழில்களின் கழிவில் இந்த உலோகங்கள் வரும். சாக்கடை வண்டலில் தங்கும். சில பாஸ்பேட் உரங்களிலும் காட்மியம் சிறிதளவு கலந்திருக்கும். மண்ணில் சேர்ந்த உலோகம் மக்கிப் போவதில்லை. வேர் வழியாகப் பயிருக்கும், பயிர் வழியாக மனிதனுக்கும் வருகிறது.

காரீயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தைப் போல நடமாடும். குடலில் சுண்ணாம்புச் சத்து நுழையும் வழியிலேயே நுழைந்து எலும்பில் போய்ப் பல்லாண்டு தங்கிவிடும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளியேறும்போது காரீயமும் கூடவே கிளம்பி, குழந்தையைச் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் அது பாதிக்கிறது. இரத்த சோகையும் உண்டாகும். காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து, 10 முதல் 30 ஆண்டுகள் வரை வெளியேறாமல் இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடலில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால் குடல் இந்த நஞ்சுகளை அதிகமாக உறிஞ்சிக் கொள்கிறது. ஒரே கீரையைத் தின்றாலும், இரத்த சோகை உள்ள பெண்ணுக்கும் குழந்தைக்கும்தான் கேடு அதிகம்.

ஜப்பான் தரும் பாடம்

ஜப்பானில் ஜின்சு என்ற ஆற்றில் சுரங்கக் கழிவோடு காட்மியம் கலந்தது. அந்த நீரைப் பாய்ச்சி விளைந்த அரிசியை உண்ட மக்களுக்கு, முக்கியமாகப் பல பிள்ளைகள் பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்கு, எலும்பு வலுவிழந்து லேசான அசைவிலேயே முறிந்தது. நோயாளிகள் "இதாய், இதாய்" என்று அலறினார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று பொருள். அதுவே நோயின் பெயரும் ஆயிற்று. 1968ல் ஜப்பான் அரசு இதைக் கழிவினால் வந்த நோய் என்று ஒப்புக் கொண்டது. கெட்டுப்போன வயல்களைச் சீர்படுத்தும் வேலை 1979ல் தொடங்கி 2012ல்தான் முடிந்தது. நிலம் கெட ஆற்று நீர் போதும். மீட்க ஒரு தலைமுறை ஆகும்.

புளோரைடு என்ற இரண்டாவது சுமை

நமது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் பாறை அடுக்கிலிருந்து வரும் புளோரைடு ஏற்கனவே பலரது பல்லைக் கறையாக்கி, மூட்டையும் முதுகையும் விறைக்க வைத்துள்ளது. இதற்காகவே 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் அந்த நீர் கிடைக்கும்போது ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பது நல்லதல்ல. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடும் உலோகமும் போகா.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01, காட்மியம் 0.003, புளோரைடு 1 மில்லி கிராமுக்கு மேற்படக் கூடாது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் புளோரைடு 1.5 வரை அனுமதி உண்டு.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கழிவுநீர் கலந்த கால்வாய்ப் பாசன நிலத்தில் கீரை வகைகளையும் முள்ளங்கி, காரட் போன்ற கிழங்குகளையும் தவிர்ப்பது நல்லது. இவை உலோகத்தை அதிகம் சேர்க்கும். தக்காளி, கத்தரி, பீன்ஸ் போன்ற காய்களில் பொதுவாகக் குறைவு. ரோஜா, செண்டுமல்லி போன்ற பூக்களும் மரப் பயிர்களும் இன்னும் பாதுகாப்பானவை. வீட்டுக்கு வேண்டிய கீரையை நல்ல கிணற்று நீரில் தனியே வளர்க்கலாம்.

புளிப்பான மண்ணில் உலோகம் பயிருக்கு எளிதில் ஏறும். மண் சோதனைப்படி சுண்ணாம்பு இடுவதும், மக்கிய தொழு உரம் தாராளமாக இடுவதும் இதைக் குறைக்கும். துத்தநாகக் குறை தெரிந்தால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடலாம். துத்தநாகம் போதுமான மண்ணில் காட்மியம் ஏறுவது குறைகிறது. சாக்கடை வண்டலை எருவாக இட வேண்டாம். பழைய பாட்டரியைத் தொழுவத்தருகே போடவோ உடைக்கவோ கூடாது; அதை நக்கும் மாடு கண் தெரியாமல், பல்லை நறநறவென்று கடித்துச் சாகும்.

உணவில் நமது கேழ்வரகை மறக்க வேண்டாம். 100 கிராமில் சுமார் 340 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. முளை கட்டி மாவாக்கினால் சத்து நன்கு சேரும். கூடவே பருப்பும், நெல்லிக்காய் அல்லது எலுமிச்சையும் இருந்தால் இரும்புச் சத்து ஏறும். இது நஞ்சுக்கு மருந்தல்ல. நஞ்சு நுழையும் வாசலைக் குறுக்கும் வேலி மட்டுமே. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சோதனை செய்வது எப்படி?

ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கால்வாயானால் ஓட்டத்தின் நடுவில், அதே நீரால் மூன்று முறை கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் கேனில் நீர் பிடிக்க வேண்டும். மண்ணுக்கு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து கொள்ளவும். வழக்கமான மண் சோதனையில் கன உலோகம் பார்ப்பதில்லை; அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதற்கு பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ, குடிநீருக்கு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தையோ அணுகி விவரம் பெறலாம்.

ஒரே கால்வாயில் பாசனம் பெறும் விவசாயிகள் சேர்ந்து சோதித்தால் செலவும் குறையும். முடிவை ஊராட்சி மூலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்பும்போது, கையில் கணக்கு இருப்பவர் பேச்சுக்குத் தனி வலு உண்டு.